கருவேடமும் திருவேடமும்

சிவனடியார் திருவேடத்தையும் சிவாலயத்தையும் சிவனெனவே கண்டு வழிபடல் வேண்டும் என்பது சிவஞானபோதப் பன்னிரண்டாஞ் சூத்திரத்தின் துணிபு. நீறும் கண்டிகையும் உடம்பின்மேல் அணியப்படும் அடையாளங்களே யாயினும், அவற்றை அகத்தன்பின் புறவடிவாகப் போற்றுதல் நம் மரபு. இளமையிற் பூண்ட வேடத்தை முதுமையினும் விடாதாரை உறுதியுடையார் என்று பாராட்டுகின்றோம். அங்ஙனமாயின், நம் சமயத்துக்குப் புறம்பானதொரு வேடத்தை ஒருவன் இளமை கடந்த பின்னும் பயன் கருதாது பூண்டு நிற்பானேல், அவனை நாம் எங்ஙனம் நோக்குதல் தகும்? இவ்வினா ஏட்டினின்று எழுந்ததன்று. எம் இல்லத்து முற்றத்தில் எழுந்தது. ஆதலின் இதனைச் சைவ நன்மக்கள்முன் வைக்கத் துணிந்தேன்.

எம்மூர் மரக்காணம், விழுப்புரம் மாவட்டத்துக் கடற்கரையூர். சிறுபாணாற்றுப்படை கூறும் எயிற்பட்டினம் இவ்வூரே என ஆராய்ச்சியாளர் பலர் கருதுவர். சோழர் காலத்துக் கல்வெட்டுக்களையுடைய பூமீசுவரர் திருக்கோயில் இங்கு உள்ளது. ஊர்ப்புறத்தே உப்பளங்கள் பரந்து கிடக்கின்றன. என் தம்பிக்கு எழுபது நிறைந்தமையின் பீமரத சாந்தியை ஊரிலேயே நிகழ்த்த எண்ணினோம். இங்கிலாந்தின் லீட்ஸ் நகரிற் பணிபுரியும் அவன் மகன் அதன்பொருட்டு வந்தான். வயது நாற்பத்தொன்று. கரிய சட்டை, கரிய காற்சட்டை, விரலில் மண்டையோடு பொறித்த வெள்ளி மோதிரம், இமைகளில் அடர்ந்த மை. உறவினர் முகஞ்சுளித்தனர். நாற்பது கடந்தும் இக்கோலமா என்றனர் சிலர். மங்கல வினையிற் கருப்பு ஆகாது என்றனர் பலர். இவ்வேடத்தை அறவே ஒழிப்பதாக உறுதி கூறினாலன்றித் தந்தைக்குக் கலசநீர் சொரிய அவனை விடலாகாது என்று ஒருசாரார் முடிவு கட்டினர். அவனைப் பெற்றவள் கண்ணீருடன் என்னிடம் வந்து, அவனுக்கு எடுத்துரைக்குமாறு வேண்டினாள்.

அவன் பூண்ட வேடத்தின் வரலாற்றை ஈண்டுச் சிறிது கூறுதல் வேண்டும். இவ்வேடத்தார் 'கோத்' எனப்படுவர். 1970-களின் இறுதியில் இங்கிலாந்தில் 'பங்க்' என்னும் இசைவகையினின்று கிளைத்தது இவ்வழக்கம். 'பௌஹவுஸ்' என்னும் குழுவினர் 1979-இல் வெளியிட்ட பாட்டொன்றை இதன் தொடக்கமாகப் பலர் கொள்வர். லீட்ஸ் நகரில் 1980-இல் இவ்விசைக்குப் பெயர்போன குழுவொன்று தோன்றியது. 1982-இல் இலண்டனில் 'பேட்கேவ்' என்னும் கூடல் திறக்கப்பட்டது. 1897-இல் வெளிவந்த டிராகுலா என்னும் புதினத்தில் இடம்பெற்ற விட்பி என்னும் கடற்கரையூரில், 1994 முதல் இவர்கள் பெருந்திரளாகக் கூடி வருகின்றனர். சாவையும் துயரையும் இருளையும் மறைத்து ஒதுக்காமல், அவற்றை நேர்நின்று நோக்கி, அவற்றினும் அழகு காண்டலே இவர்தம் கொள்கை எனலாம்.

இஃது இடரற்ற வேடமுமன்று. 2007-இல் லங்காஷயர் நாட்டில் சோஃபி லங்காஸ்டர் என்னும் இருபது வயதுப் பெண், இக்கோலம் பூண்டிருந்தமை ஒன்றே காரணமாகத் தாக்கப்பட்டு உயிர் துறந்தாள். அதன்பின் 2013-இல் மான்செஸ்டர்ப் பெருநகரக் காவல்துறை, இத்தகையார்மீது நிகழும் தாக்குதல்களையும் பகைமைக் குற்றங்களாகப் பதிவு செய்யத் தொடங்கிற்று. முதிர்ந்த வயதினும் இவ்வழக்கத்தை விடாதாரைப்பற்றிச் சமூகவியலறிஞர் பால் ஹாட்கின்சன் 2011-இல் ஓர் ஆராய்ச்சி வெளியிட்டார். தொழிலுக்கும் குடும்பத்துக்கும் முதிரும் உடம்புக்கும் ஏற்பக் கோலத்தைத் திருத்திக்கொண்டும், அதன்பாலுள்ள பற்றைக் கைவிடாதவர் பலர் என்பது அதனாற் புலனாகின்றது.

மாலையில் அளத்து வரப்பின்மீது இருவரும் நடந்தோம். "இஃது இளமைக்கால விளையாட்டன்றோ? இன்னும் விடலாகாதா?" என்று வினவினேன். அவன், "பெரியப்பா, கண்டிகையை நீங்கள் எந்த வயதிற் பூண்டீர்கள்?" என்றான். இருபதில் என்றேன். "எழுபத்து நான்கினும் கழற்றவில்லையே. அதனை இளமை விளையாட்டு என்பீர்களா?" என்றான். யான் பணிபுரிந்த அலுவலகத்தில் மேலாளர் ஒருவர், நெற்றியில் நீற்றைக் குறைத்திடுமாறும் கண்டிகையைக் கழற்றுமாறும் பன்முறை கூறியதுண்டு. கண்டிகையைச் சட்டைக்குள் மறைத்தேனேயன்றிக் கழற்றினேனல்லேன். இதனை அவன் சிறுவயதிலேயே அறிவான்.

பின்னர் அவன் கூறியது என் நெஞ்சைத் தைத்தது. "2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை இக்கரையில் என் தோழனைக் கொண்டுபோயிற்று. மூன்று திங்கள் கழியுமுன்னே எல்லாரும் மறந்துவிடு என்றார்கள். லீட்ஸுக்குப் படிக்கச் சென்றபோது, மறந்துவிடு என்று சொல்லாத கூட்டம் இக்கரிய உடையார் கூட்டம் ஒன்றே. அவர்களிடை இருந்துதான் யான் மீண்டும் உறங்கக் கற்றேன். இதனைக் கழற்று என்றால் அவனை மறந்துவிடு என்றே என் செவியில் விழுகின்றது, பெரியப்பா."

சைவர்காள்! மண்டையோட்டை அமங்கலம் என்று வெறுக்க நமக்கு உரிமை உண்டா? நம் பெருமான் பிரமகபாலம் ஏந்திப் பலி திரிபவன், என்புமாலை பூண்பவன், சுடலைப்பொடி பூசி ஈமப்புறங்காட்டில் ஆடுபவன், அவன் கண்டமும் கரியது. எம் மாவட்டத்திலேயே, ஞானசம்பந்தப் பிள்ளையார் பாடிய திருவக்கரையில் வக்கிரகாளி வீற்றிருக்கின்றாள். மேல்மலையனூர் அங்காளம்மன் திருக்கோயிலில் மாசித் திங்கள் மயானக் கொள்ளை நாளில் மக்கள் காளிவேடமும் பேய்வேடமும் புனைந்து சுடுகாடு நோக்கிச் செல்கின்றனர். அவரை நாம் நகைப்பதில்லை.

இவையெல்லாவற்றினும் மேலானது காரைக்காலம்மையார் வரலாறு. அம்மையார் இளமைப் பித்தினாற் கோலம் மாறியவரல்லர். இல்லறத்தில் நின்று, கணவனால் நீக்கப்பட்ட பின்னர், அவன்பொருட்டுத் தாங்கிய தசைப்பொதி கழிந்து பேய்வடிவு பெற வேண்டினார். கண்டோர் அஞ்சி ஓடினர். இறைவன் தம்மை அறிந்தாற் போதும், அறியாத உலகினர்க்குத் தம் வடிவம் எதுவாயின் என்ன என்னும் உறுதியோடு அம்மையார் நடந்ததாகச் சேக்கிழார் பெருமான் காட்டுவர். கயிலையை அவ்வடிவோடு அணுகியவரையே இறைவன் 'அம்மையே' என்றழைத்தான். திருவாலங்காட்டில் ஆடவல்லானின் திருவடிக்கீழ் இருந்ததும் அவ்வடிவோடுதான்.

எனினும் வேடமெல்லாம் ஒருதன்மையவோ எனின், அல்ல. திருமூலநாயனார் ஆறாந்தந்திரத்தில் அவவேடம் வேறு, தவவேடம் வேறு எனப் பிரித்தோதினர். உணவுக்கும் ஊதியத்துக்கும் பூண்பது அவவேடம். ஊதியமின்றி, இகழ்ச்சியும் இடரும் வந்தக்காலும் பூண்டு நிற்பதை அவ்வகையில் அடக்குதல் முறையன்று. மெய்ப்பொருள் நாயனாரோ, வஞ்சகனாகிய முத்தநாதன் பூண்ட வேடத்தையும் திருவேடம் என்றே வணங்கி உயிர் கொடுத்தார். அவர் வழிவந்தோம் எனக் கூறும் நாம், நெஞ்சறிய உண்மையோடு பூண்டவனை நகையாடுதல் எங்ஙனம் பொருந்தும்?

வேற்றுமையையும் யான் அவனிடம் மறைத்தேனல்லேன். "நீ சாவின்முன் கண்மூடாது நிற்கின்றாய், அது பெரிது. ஆயினும் சுடலையில் ஆடுவானைக் காணாதவரைக்கும் சுடலை சுடலையே. எம் நீறு எரிந்ததைக் காட்டுவதோடு நில்லாது, எரியாது நிற்பது எது என்பதையும் நினைப்பிக்கின்றது" என்றேன். அவன் நெடுநேரம் வாளா இருந்து, "காணாததைக் கண்டேன் என்று சொல்லமாட்டேன், பெரியப்பா. கண்டால் முதலில் உங்களிடமே சொல்வேன்" என்றான். இவ்விடை எனக்கு நிறைவளித்தது. காணாமலே கண்டேன் என்பாரினும் இவன் மெய்ம்மைக்கு அணியன்.

சுற்றத்தாரிடம் யான் கூறியது இதுவே: தந்தைமேல் அன்புடைய மகன் கையால் விழும் நீர்க்கு நிறமில்லை. மறுநாள் அவன் தானாகவே வெள்வேட்டி உடுத்து வந்து கலசநீர் சொரிந்தான். மோதிரம் விரலிலேயே இருந்தது. அவன் மீண்டும் கரிய உடை பூண்டபோது ஒருசிலர் இன்னும் முணுமுணுத்தனர், பெற்றவள் முணுமுணுக்கவில்லை.

உப்பு விளையுமாற்றை எம்மூரார் நன்கறிவர். கழிநீர் முழுதும் உப்பு உண்டு. ஆயினும் வரப்புக் கட்டிப் பாத்தியில் நிறுத்திப் பல நாள் வெயிலிற் காய்ச்சினாலன்றி அது கைக்கு வாராது. ஐப்பசி கார்த்திகை மழையில் வரப்புக் கரையும். மழை ஓய்ந்தபின் சேற்றை மிதித்து மறுபடியும் கட்டுவர். சென்ற ஆண்டு கட்டினோமே என்று எவரும் வாளா இருப்பதில்லை. வேடம் அவ்வரப்புப் போன்றது. வரப்பே உப்பாகாது; வரப்பின்றி உப்பும் இல்லை. இளமையில் ஒருமுறை கட்டியது வாழ்நாள் முழுதுக்கும் போதாது. ஒவ்வொரு மழைக்குப் பின்னும் கட்டுவோனுக்கே விளைவு உண்டு. கதிரவன் அருள் எந்தப் பாத்தியில் எப்போது முதிர்விக்கும் என்பதை அளப்பது நம் தொழிலன்று.

ஆதலின், அன்பர்காள், கரிய உடை பூண்டு முதிர்ந்த ஒருவன் நம் கோயில் வாயிலில் வந்து நிற்பானேல், அவன் எதனை மறவாதிருக்க அதனைப் பூண்டான் என்று அன்புடன் வினவுக. வினவியபின் நம் நெற்றி நீற்றை யாம் எதனை மறவாதிருக்க இடுகின்றோம் என்று நம்மையும் வினவிக் கொள்க.

சிவம்.