கமிஷன் போக மிச்சம்

1.7.2025, செவ்வாய்

கச்சான் காற்று விடவில்லை. வல்லங்கள் எல்லாம் கரையில் கிடக்கின்றன. அண்ணன் வீட்டில் சும்மா இருந்ததால் பணப் பேச்சு வந்தது. நண்டு சீசனில் கையில் மிஞ்சியதைப் பாப்பாவுக்காக எதில் போடலாம் என்று ஒரு மாதமாகவே கேட்டுக்கொண்டிருக்கிறான். போன வாரம் தூத்துக்குடியிலிருந்து வந்த ஒரு ஏஜென்ட் 'வரி மிச்சம்' என்று கொட்டை எழுத்தில் அச்சடித்த தாளைக் கொடுத்துப் போயிருக்கிறார். மாதம் 2,000, மூன்று வருஷம் எடுக்க முடியாது. மியூச்சுவல் ஃபண்ட், இஎல்எஸ்எஸ் வகை.

நேற்று சிறுசேமிப்புத் திட்டங்களுக்கு இந்தக் காலாண்டுக்கான வட்டியை அறிவித்துவிட்டார்கள். எதிலும் மாற்றமில்லை. பிபிஎஃப் 7.1 சதவீதம், 2020 ஏப்ரலில் இருந்து அதே நிலைதான். பெண் குழந்தைகளுக்கான செல்வமகள் 8.2. இரண்டிலும் வட்டிக்கு வரி கிடையாது, வருஷக் கட்டணம் என்று யாரும் பிடிப்பதும் கிடையாது. அந்தத் தாளையும் இவற்றையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

2.7.2025, புதன்

ராத்திரி உட்கார்ந்து படித்தேன். லாபம் எவ்வளவு வரலாம் என்பது முதல் பக்கத்திலேயே பெரிதாக இருக்கிறது. செலவு விகிதம் கடைசிப் பக்கத்தில், பொடி எழுத்தில். ஏஜென்ட் வழியாக வாங்கும் ரெகுலர் திட்டம். இதே ஃபண்டின் டைரக்ட் திட்டத்தில் செலவு ஏறக்குறைய ஒரு சதவீதம் குறைவு. டைரக்ட் திட்டம் 2013 ஜனவரி முதல் எல்லா ஃபண்டிலும் இருக்கிறது, செபி கட்டாயமாக்கியது. இங்கே அதை யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

ஒரு சதவீதம்தானே என்று விட மனசில்லாமல் போட்டுப் பார்த்தேன். மாதம் 2,000 வீதம் 15 வருஷம், நாம் கட்டுவது 3,60,000. வருஷத்துக்கு 12 சதவீதம் வளர்ந்தால் சுமார் 10,09,000. 11 சதவீதமானால் சுமார் 9,18,000. வித்தியாசம் 91,000 ரூபாய். நாலு வருஷத்துக்கு அவன் வாயைக் கட்டிச் சேர்ப்பதைவிடச் சற்றே குறைவு.

காலையில் அண்ணனிடம் காட்டினேன். "ஏட்டி, ஏலத்துல கமிஷன் பிடிச்சா சீட்டுல எழுதித் தாராங்கள்லா? நண்டு இவ்வளவு, கழிவு இவ்வளவுன்னு கண்ணு முன்னாலயே கணக்கு இருக்கு. இதுல எங்க இருக்கு?" என்றான். சரியான கேள்வி. அன்றன்றைக்கு என்ஏவி, அதாவது யூனிட் விலை, போடும்போதே செலவைக் கழித்துவிடுகிறார்கள். கணக்கில் ஒரு ரூபாய் குறைந்ததாகக் காட்டாது. வளர்ந்திருக்க வேண்டியது வளராமல் போவது யார் கண்ணுக்கும் படாது.

3.7.2025, வியாழன்

வேலையிலும் இதே நினைப்பு. வரி மிச்சம் என்கிறார்களே, அண்ணன் எந்த வருஷம் வருமான வரி கட்டினான்? புதிய முறையில் இந்த நிதியாண்டிலிருந்து 12 லட்சம் வரை வரியே வராது. அந்த முறையில் இஎல்எஸ்எஸ்ஸுக்கான 80சி கழிவும் கிடையாது. பழைய முறையில் போனாலும், கட்டாத வரியில் எதைக் கழிப்பது? லாபத்துக்காவது முழு விலக்கு உண்டா என்றால், பங்கு ஃபண்டில் வருஷம் 1,25,000 தாண்டிய லாபத்துக்கு 12.5 சதவீதம் வரி இருக்கிறது.

ஆக, அவனுக்குக் கிடைக்காத ஒரு சலுகைக்காகப் பணத்தை மூன்று வருஷம் பூட்டிவைக்கச் சொல்கிறார்கள். சலுகை வந்தாலும் வராவிட்டாலும் கட்டணம் மட்டும் போய்க்கொண்டே இருக்கும். நினைக்க நினைக்க ஆத்திரமாக வருகிறது. வல்லத்தில் என்ஜின் பழுதானால் நாளைக்கே பணம் வேண்டும் என்கிற வீடு இது.

சாயங்காலம் மைனியின் தம்பி வந்தான். செல்போனிலேயே டீமேட் கணக்கு திறந்திருக்கிறான். வருஷப் பராமரிப்பு 300, ஜிஎஸ்டி சேர்த்து 354. அவன் போடுவதோ மாதம் 500. முதல் வருஷம் போட்ட 6,000-இல் கிட்டத்தட்ட 6 சதவீதம் பராமரிப்புக்கே போகிறது. நாலு லட்சம் வரை வைத்திருப்பவர்களுக்கு, 2024 செப்டம்பரிலிருந்து, அடிப்படை டீமேட் கணக்கில் இந்தக் கட்டணம் இல்லை. அதற்கு மாற்றச் சொல்லி எழுதிக் கொடுத்தேன். ஃபண்ட் மட்டும் வாங்குவதானால் டீமேட்டே தேவையில்லை என்றதும் அவன் முகம் மாறிவிட்டது.

4.7.2025, வெள்ளி

லண்டனில் நர்ஸாக இருக்கும் சித்தி மகள் பேசினாள். அங்கே ஐஎஸ்ஏ என்று வரியில்லாக் கணக்கு, 1999-இல் வந்தது, வருஷம் 20,000 பவுண்டு வரை போடலாம். அதைச் செயலி வழியாக வைத்திருக்க ஒருவர் இருப்பில் சதவீதம் கேட்பார், இன்னொருவர் மாதம் இவ்வளவு என்று கேட்பார். 4,000 பவுண்டுக்கு 0.25 சதவீதம் என்றால் வருஷம் 10 பவுண்டு. மாதம் 5 பவுண்டு என்றால் 60. இருப்பு 24,000-ஐத் தாண்டினால் கணக்கு தலைகீழாகும். சின்ன இருப்புக்கு சதவீதம், பெரிய இருப்புக்கு நிலையான கட்டணம். அவளும் இந்தக் கணக்குப்படிதான் மாற்றப்போகிறாளாம்.

5.7.2025, சனி

அஞ்சாம் தேதி. தபால் ஆபீஸில் செல்வமகள் கணக்கு திறந்தாயிற்று. அஞ்சாம் தேதிக்கும் மாதக் கடைசிக்கும் நடுவில் உள்ள குறைந்த இருப்புக்குத்தான் வட்டி, அதனால் காலையிலேயே அண்ணனையும் மைனியையும் கிளப்பினேன். பாப்பாவின் பிறப்புச் சான்றிதழ், அண்ணனின் ஆதார், பான். வரிசையில் நின்ற அம்மாக்களில் பாதிப்பேர் கையில் இதே படிவம்.

மாதம் 1,000 என்று முடிவு. 15 வருஷம் கட்டி, 21-ஆம் வருஷம் எடுக்கும்போது, இதே வட்டி நின்றால், கட்டிய 1,80,000 சுமார் ஐந்தரை லட்சமாகும். வட்டி மாறலாம், மாறும் என்றும் சொல்லித்தான் வைத்தேன். கடல் ஏமாற்றுகிற வருஷத்தில் 250 ரூபாய் கட்டினாலும் கணக்கு உயிரோடு இருக்கும். பத்தாம் வகுப்பு முடித்தாலோ 18 வயதானாலோ படிப்புக்குப் பாதி வரை எடுக்கலாம். அதுவரை தொட முடியாது என்பதில் மைனிக்கு நிம்மதி, அண்ணனுக்குக் கொஞ்சம் கலக்கம்.

7.7.2025, திங்கள்

ஏஜென்ட் வந்தார். நல்ல மனுஷர், வெயிலில் பஸ் பிடித்து வருகிறார், படிவம் நிரப்பித் தருகிறார். அந்த உழைப்புக்குக் கூலி வேண்டாம் என்று நான் சொல்லவே மாட்டேன். அண்ணன் நேராகக் கேட்டான்: "இதுல உங்களுக்கு வருஷத்துக்கு எவ்வளவு வருது?" கொஞ்சம் தயங்கிவிட்டு, பணம் அதில் இருக்கும் வரை வருஷா வருஷம் ஒரு பங்கு வரும் என்றார். டைரக்ட் என்று ஒன்று இருக்கிறதா என்றான். இருக்கிறது, ஆனால் எல்லாம் நீங்களே பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார்.

மிச்சம் ஆயிரத்தை இப்போதைக்கு பேங்கிலேயே வைக்கச் சொன்னேன், என்ஜினுக்கு. அண்ணன் அந்தத் தாளின் கடைசிப் பக்கத்தை மட்டும் கிழித்து வைத்துக்கொண்டான், பக்கத்து வல்லக்காரருக்குக் காட்ட.