பழி ஓரிடம்

"பழி ஓரிடம், பாவம் ஓரிடம்" என்று நம் பெரியவர்கள் சொல்லி வைத்தது மனிதர்களைப் பற்றி மட்டுமல்ல என்று இப்போது தோன்றுகிறது. மோட்டார் இஞ்சினுக்கும் அது அப்படியே பொருந்துகிறது.

எங்கள் வீட்டில் ஓர் அம்பாஸிடர் கார் உண்டு. மார்க் 3. 1977-ல் அப்பா வாங்கியது. கல்கத்தாவுக்குப் பக்கத்திலுள்ள உத்தர்பாராவில் 1958 முதல் செய்துவந்த அந்தக் காரை 2014-ல் நிறுத்திவிட்டார்கள். அப்பாவும் இப்போது இல்லை. காரும் எண்பத்திரண்டு வயது அம்மாவும் இருக்கிறார்கள். வால்பாறையில் இருக்கும் தம் தங்கையை ஒருமுறை பார்க்க வேண்டும், அதுவும் அந்தக் காரிலேயே போய்ப் பார்க்க வேண்டும் என்பது அம்மாவின் ஆசை. பொள்ளாச்சியிலிருந்து அறுபத்துச் சொச்சம் கிலோமீட்டர்; ஆழியாறு தாண்டினால் நாற்பது கொண்டை ஊசி வளைவுகள்.

காருக்கோ தீராத வியாதி. ஊருக்குள் ஓட்டினால் இழுவை இல்லை, ஒரு சிக்னலில் நின்றால் தண்ணீர் கொதிக்கிறது, பெட்ரோலைக் குடிக்கிறது. காட்டிய பட்டறையில் டைமிங்கைக் கொஞ்சம் முன்னுக்குத் தள்ளிக் கொடுப்பார்கள். உடனே சமவெளியில் குதிரை மாதிரி ஓடும். ஆனால் ஒரு மேடு ஏறினால் போதும், பித்தளைச் சொம்பில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்கினாற்போல இஞ்சின் சத்தம் போடும். மறுபடியும் பின்னுக்குத் தள்ளுவார்கள், மறுபடியும் கொதிக்கும். கடைசியில், "இஞ்சின் போய்விட்டது. முழுக்கப் பிரித்துக் கட்ட வேண்டும். அந்தச் செலவுக்கு இதை எடைக்குப் போட்டுவிடலாம்" என்று தீர்ப்புச் சொன்னார்கள். என் தம்பி வாங்குவதற்கு ஆளையும் பார்த்துவிட்டான்.

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் காலையில் வாசல் தெளித்து முடித்ததும் கார் ஷெட்டுக்குப் போய்ச் சற்று நேரம் நின்றுவிட்டு வர ஆரம்பித்தார். அதற்கு மேல் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

கோயம்புத்தூர்க்காரர்களுக்கு மோட்டார் சொந்தக்காரர் மாதிரி. 1920-ல் ஜி. டி. நாயுடு ஒரே ஒரு பஸ்ஸை வைத்துக்கொண்டு பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தாமே ஓட்டினார் அல்லவா, அன்று ஏற்பட்ட உறவு. பழைய கார்களுக்கென்றே இந்த ஊரில் 2015-ல் ஒரு மியூஸியமும் திறந்தார்கள். இப்படிப்பட்ட ஊரில் நம் காரைப் பார்க்க ஒருவர் அகப்படாமலா போவார் என்று விசாரித்ததில், ஒரு வயதான மேஸ்திரியின் பேர் கிடைத்தது. எழுபத்து நான்கு வயது. பட்டறையை மூடிவிட்டு வீட்டோடு இருந்தார். வந்தார். இஞ்சினை ஸ்டார்ட் செய்யக்கூடச் சொல்லவில்லை. பக்கவாட்டில் முஷ்டி அளவு உட்கார்ந்திருந்த டிஸ்ட்ரிபியூட்டரை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தார். மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு உற்றுப் பார்த்தார்.

"இது இந்தக் காரோட சாமானே இல்லீங் சார். எவனோ மாத்தி மாட்டிட்டுப் போயிருக்கானுங். இஞ்சின் மேல பழி போடாதீங்" என்றார்.

டிஸ்ட்ரிபியூட்டர் என்ன செய்கிறது என்பதைக் கல்யாணப் பந்தியை வைத்துச் சொல்லிவிடலாம். காயில் என்பது சமையற்கட்டு. பாட்டரியின் 12 வோல்ட்டை அது பல ஆயிரம் வோல்ட்டாக்கித் தருகிறது. டிஸ்ட்ரிபியூட்டர் அதை வாங்கி நான்கு பிளக்குகளுக்கும் பரிமாறுகிறது. உட்கார்ந்த வரிசைப்படி அல்ல, ஒன்று, மூன்று, நான்கு, இரண்டு என்று. இஞ்சின் நிமிஷத்துக்கு 3,000 சுற்றுச் சுற்றினால், விநாடிக்கு நூறு தடவை பரிமாற வேண்டும்! அமெரிக்காவில் சார்லஸ் கெட்டரிங் என்பவர் வகுத்து, 1910-ஆம் வருஷத்துக் காடிலாக் காரில் வந்த ஏற்பாடு இது. பல பத்தாண்டுகள் உலகத்துப் பெட்ரோல் கார்களில் பெரும்பாலானவை இதே முறையில்தான் ஓடின.

பரிமாறினால் மட்டும் போதாது. நேரம் பார்த்துப் பரிமாற வேண்டும். பெட்ரோல் ஆவி பற்றிப் பரவக் கொஞ்சம் அவகாசம் வேண்டும். ஆகவே பிஸ்டன் உச்சிக்கு வருவதற்குச் சற்று முன்னாலேயே பொறி விழ வேண்டும். வேகம் கூடக் கூட, இன்னும் முன்னால். இதற்காக டிஸ்ட்ரிபியூட்டரின் வயிற்றுக்குள் ஸ்பிரிங் கட்டிய இரண்டு சிறு எடைகள் இருக்கின்றன. வேகத்தில் அவை விரிந்து பொறியை முன்னுக்குத் தள்ளுகின்றன. எத்தனை டிகிரி தள்ளலாம் என்பது ஒவ்வோர் இஞ்சினுக்கும் ஒவ்வொரு கணக்கு. வெளித்தோற்றத்தில் இரட்டைப் பிள்ளைகளாக இருக்கும் இரண்டு டிஸ்ட்ரிபியூட்டர்களின் குணம் உள்ளே வேறு வேறாக இருக்கும்.

அந்தக் குணத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? ஜாதகம் அதன் உடம்பிலேயே எழுதியிருக்கிறது. லூகாஸ் டிஸ்ட்ரிபியூட்டரின் உடம்பில் 25டி4 என்பது போல மாடலின் பெயரும், ஐந்து இலக்க எண் ஒன்றும் பொறித்திருக்கும். மாடல் என்பது குலம். ஐந்து இலக்க எண்தான் ஆள். இங்கிலாந்தில் செய்த எம்.ஜி.பி. காருக்கு ஆரம்ப வருஷங்களில் 40897 என்றால், அதே 25டி4 குலத்தில் வேறொரு காருக்கு வேறோர் எண். மூடியையும் ரோட்டரையும் பாயிண்ட் தட்டையும் கழற்றினால், கேமின் அடியில் இன்னோர் எண். எடைகள் அதிகபட்சம் எத்தனை டிகிரி தள்ளும் என்பது அது. பக்கத்திலுள்ள வாக்குவம் டப்பாவில் மூன்று எண்கள்: எத்தனை அங்குல வெற்றிடத்தில் வேலை தொடங்கும், எத்தனையில் முடியும், எத்தனை டிகிரி தள்ளும்.

எங்கள் காரில் இருந்ததன் கேம் எண், இருக்க வேண்டியதைவிட 5 அதிகம். டிஸ்ட்ரிபியூட்டரின் தண்டு இஞ்சினின் பாதி வேகத்தில் சுற்றுவதால், இஞ்சின் கணக்கில் அது 10 டிகிரி. இப்போது வியாதியின் மர்மம் விளங்கிற்று. மெதுவாகப் போகும்போது பொறியைச் சரியாக வைத்தால், வேகத்தில் 10 டிகிரி முந்திக்கொண்டு மேட்டில் சத்தம் போடும். மேட்டுக்கென்று பின்னுக்குத் தள்ளினால், மெதுவாகப் போகும்போது பொறி தாமதமாகி இழுவையும் போகும், சூடும் ஏறும். எந்தப் பட்டறை எப்படித் திருகினாலும் இரண்டில் ஒரு பக்கம் வலிக்கத்தானே செய்யும்? பாவம், இஞ்சின் என்ன செய்யும்!

சரியான எண்ணைத் தேடி உக்கடத்துப் பழைய இரும்புக் கடைகளில் மூன்று நாள் அலைந்தோம். மேஸ்திரி, நான், என் தங்கை மகள் மூவரும். பாலிடெக்னிக்கில் படிக்கும் அந்தப் பெண்தான் பிசுக்குக்கு அடியில் எண்ணைக் கண்டுபிடித்தாள். இரண்டு கிலோவுக்கும் குறைவான சாமான். கடைக்காரர் எடை போட்டுக் கொடுத்துவிட்டார். தண்டு ஆடியது. கணபதியில் ஒரு லேத்துப் பட்டறையில் புது புஷ் போட்டோம். தண்டு ஆடினால் கேமின் நான்கு முனைகளிலும் பாயிண்ட் இடைவெளி ஒரே மாதிரி நிற்காது; அப்புறம் எந்த டைமிங்கும் நிலைக்காது.

பிறகு மேஸ்திரி பொருத்தியதை ஒரு பூஜை என்றே சொல்ல வேண்டும். பாயிண்ட் இடைவெளி ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் பதினைந்து பங்கு; கெட்டியான கல்யாணப் பத்திரிகை அட்டையின் கனம் இருக்கும். முதல் பிளக்கைக் கழற்றி, துவாரத்தில் அவளைக் கட்டைவிரல் வைக்கச் சொன்னார். இஞ்சினைக் கையால் சுற்றினார்.

"காத்துத் தள்ளுதா அம்மிணி?"

"தள்ளுதுங் தாத்தா!"

புல்லியின் வெட்டைக் குறிக்கு நேராக நிறுத்தினார். பாயிண்ட் கம்பிக்கும் இஞ்சின் உடம்புக்கும் நடுவே ஒரு 12 வோல்ட் பல்பை இணைத்துச் சாவியைத் திருப்பினார். டிஸ்ட்ரிபியூட்டரை மெல்லத் திருப்பிக்கொண்டே வந்தார். பல்பு எரிந்த அந்தக் கணத்தில் பாயிண்ட் திறக்கிறது என்று அர்த்தம். அங்கேயே முடுக்கினார். மிச்ச நுணுக்கத்துக்கு 25டி4-ன் பக்கத்தில் கைவிரலால் திருகும் ஒரு சிறு நட்டு உண்டு. 'ஏ' பக்கம் முன்னுக்கு, 'ஆர்' பக்கம் பின்னுக்கு. ரோட்டில் ஓட்டிக் காதால் கேட்டுத்தான் அதைத் திருக வேண்டும் என்றார்.

அடுத்த வாரம் வால்பாறை போனோம். ஒன்பதாவது வளைவில் நிறுத்தி அம்மாவை இறக்கினேன். கீழே ஆழியாறு அணை தகதகவென்று தெரிந்தது. அம்மா அணையைப் பார்க்கவில்லை. பானெட்டின் மேல் கையை வைத்துப் பார்த்தார். "சூடே இல்லையே கண்ணு" என்றார். மீதி முப்பத்தொரு வளைவும் இஞ்சின் ஒரு முணுமுணுப்புக் காட்டவில்லை. அக்காளும் தங்கையும் இரண்டு நாள் தூங்காமல் பேசினார்கள்.

இப்போது வரும் கார்களில் டிஸ்ட்ரிபியூட்டர் கிடையாது. கம்ப்யூட்டரே கணக்குப் போட்டுப் பொறி விடுகிறது, நல்லதுதான். ஆனால் கம்ப்யூட்டர் இல்லாத பழைய வண்டிகள் நம் ஊர்களில் இன்னும் எத்தனையோ ஷெட்டுகளில் நிற்கின்றன. அவற்றில் எத்தனை, எண்ணைப் படிக்க ஆளில்லாமல் எடைக்குப் போகின்றனவோ!

மேஸ்திரியிடம் ஒரு பழைய நோட்டுப் புத்தகம் இருக்கிறது. எந்தக் காருக்கு எந்த எண் என்று தம் கையால் எழுதியது. பென்சில் எழுத்துப் பாதி அழிந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமைதோறும் என் தங்கை மகள் அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அதைப் பிரதி எடுக்கிறாள். அழிந்துபோன இடங்களை அவர் நினைவிலிருந்து சொல்கிறார். இதுவரை பதினேழு பக்கம் ஆகியிருக்கிறது.