வண்டிக் கொட்டகை

எங்கள் வீட்டில் அந்த இடத்துக்கு மூன்று பெயர்கள். அம்மாவுக்கு அது எப்போதும் கொட்டாய். 1981-ல் அப்பா ஒரு பழைய அம்பாசடர் வாங்கிய பிறகு ஷெட் என்று சொல்ல ஆரம்பித்தார். போன தை மாதம் பிளான் போட்டுக் கொடுத்த பையன் காகிதத்தில் ‘முதியோர் அறை’ என்று எழுதியிருந்தான். பத்தடி அகலம், பதினெட்டடி நீளம், மேலே நாட்டு ஓடு. மனையடி சாஸ்திரத்தில் பத்தடி ஆடு மாடு விருத்திக்கு என்று சொல்வார்கள். தாத்தா யோசித்துத்தான் கட்டியிருக்கிறார்.

அம்மா ரேழியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. ஆபரேஷன் முடிந்து சக்கர நாற்காலியோடு வலங்கைமானுக்கு அழைத்து வந்த அன்றுதான், எங்கள் வீடு ஒரு மனுஷியை எத்தனை இடத்தில் ஏறி இறங்கச் சொல்கிறது என்று எண்ணிப் பார்த்தேன். திண்ணைக்கு மூன்று படி. ஒவ்வொரு நிலைக்கும் கால் இடறும் உயரத்தில் ஒரு வாசற்படி. முற்றத்தைச் சுற்றித் தாழ்வாரம். கழிப்பறை கொல்லைக் கோடியில். இந்தப் பக்கத்து வீடுகளைப் பற்றி நம்மவர்கள் ஏக்கத்தோடு நிறைய எழுதியாகிவிட்டது. எழுதியவர்கள் யாரும் நடக்க முடியாதவர்கள் இல்லை.

தெருவை ஒட்டிப் படியில்லாமல் இருந்தது கொட்டகை மட்டும்தான். காரை விற்று வெகுகாலம் ஆகிவிட்டது. உடைந்த பத்தாயப் பலகைகள், சைக்கிள் சட்டம், உரச் சாக்கு எல்லாவற்றையும் அப்புறப்படுத்தினால் ஓர் அறையும் குளியலறையும் தேறும். அம்மாவிடம் சொன்னேன்.

“என்னைக் கொண்டுபோய் மாடு கட்டுற எடத்துல கட்டப் போறியா?”

“மாடு போய் நாப்பது வருஷம் ஆச்சும்மா.”

“மாடு போயிருக்கும். வாடை போயிருக்குமா?”

அவள் சொன்னது சரி என்பதைக் கொத்தனார் ஒரே வாரத்தில் காட்டிவிட்டார். சுவரில் மூன்றடி உயரம் வரை பூச்சு பொரிந்து உதிர்ந்துகொண்டே இருந்தது. விரலால் தடவினால் வெள்ளையாகப் பொடி. “உப்புங்க. மாட்டு மூத்திரம் வருஷக் கணக்கா செங்கல்லு குடிச்சிருக்கு. இது மேல சிமெண்ட் பூசினா ஒரு மழைக்குத் தாங்காது” என்றார். அந்த உப்பில் வெடியுப்பும் சேர்ந்திருக்கும். முன்பெல்லாம் வெடிமருந்துக்கு இப்படிப்பட்ட மண்ணைத்தான் சுரண்டிக் காய்ச்சினார்கள். பட்டாசு செய்கிற ஊரில் எங்கள் சுவரும் தன் பங்குக்கு மருந்து சேர்த்துக்கொண்டிருந்திருக்கிறது. சிமெண்ட் ஈரத்தை உள்ளேயே அடைத்து வைக்கும், சுண்ணாம்பு வெளியே விடும். ஆகவே பழைய பூச்சை முழுக்கச் செதுக்கி எடுத்துவிட்டுச் சுண்ணாம்புச் சாந்து பூசுவதென்று முடிவாயிற்று. சுண்ணாம்பு அரைக்கத் தெரிந்த ஆளைத் தேடிக் கும்பகோணத்தைச் சுற்றி அலைந்தது தனிக் கதை.

தரை அடுத்த வில்லங்கம். ரோட்டின் மேலேயே ரோடு போட்டுப் போட்டுத் தெரு உயர்ந்துவிட்டது. கொட்டகைத் தரை இப்போது தெருவுக்கு அரையடி கீழே. மழை பெய்தால் தண்ணீர் நேரே உள்ளே. தரையை ஓரடி உயர்த்தினால் தெருவுக்கு மேல் அரையடி நிற்கும், சக்கர நாற்காலிக்குச் சரிவு வேண்டும். அடிக்குப் பன்னிரண்டடி நீளம் விட்டால்தான் தள்ளுகிறவருக்கு மூச்சு வாங்காது. ஆறடிச் சரிவுக்குத் திண்ணையில் ஒரு பகுதியை இடிக்க வேண்டியிருந்தது. இடித்தோம். அம்மா ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றும் சொல்லவில்லை.

வடக்குச் சுவரைச் செதுக்கும்போது ஒரு மாடம் வெளிப்பட்டது. செங்கல் வைத்து அடைத்து மேலே பூசியிருந்தார்கள். உள்ளே புகைக்கரி. கொத்தனார், “மாட்டுக்கு யாரு சார் வெளக்கு வெச்சது?” என்றார். நான் சிரித்துவிட்டு டீ வாங்கப் போனேன். கடைக்குப் போய்ச் சேர்வதற்குள் எனக்குப் பதில் தெரிந்துவிட்டது.

1977 நவம்பர் 12. ஐப்பசிக் கடைசி. நாகப்பட்டினத்துப் பக்கம் கரையேறிய புயல். எனக்குப் பத்து வயது. எங்கள் வண்டியை ஓட்டியவரின் குடிசை அன்று காலை விழுந்தது. 1971-ல் வந்த குடியிருப்புச் சட்டத்தில் அந்த மனை அவர் பெயருக்கு ஆகியிருந்தது. அதில் அப்பாவுக்கு உள்ளூர ஒரு கசப்பு உண்டு. அவரும் அவர் மனைவியும் வண்டிக்கும் மாட்டுக்கும் இடையில் சாக்குப் படுதா கட்டி, சித்திரை வரை அங்கே இருந்தார்கள். பெண்குழந்தை ஒன்று அங்கேயே பிறந்தது. நான் அந்தப் பக்கம் போகக் கூடாது என்று உத்தரவு. இரவில் மாட்டின் கழுத்து மணியும் குழந்தையின் அழுகையும் சேர்ந்து கேட்டது நினைவிருக்கிறது.

எங்கள் குடும்பத்தில் இது தர்மக் கதையாகவே சொல்லப்பட்டு வந்திருக்கிறது. புயலில் இடம் கொடுத்தோம். நானும் நண்பர்களிடம் இரண்டொரு தடவை சொல்லியிருக்கிறேன். அன்று இரவு அம்மாவிடம் மாடத்தைப் பற்றிச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “கூலி நெல்லுல மாசம் ரெண்டு மரக்கால் கழிச்சார் உங்கப்பா” என்றாள்.

“எதுக்கு?”

“எடத்துக்கு.”

இது சீனிவாச சாஸ்திரி பிறந்த ஊர். அவருடைய இங்கிலீஷுக்காக அவரை வெள்ளி நாக்கர் என்பார்கள். எங்கள் வீட்டில் ஒரு வாக்கியம் வெளியே வர நாற்பத்தேழு வருஷம் ஆகியிருக்கிறது.

எனக்குக் கோபம்தான் வந்தது. அப்பாவின் மேல் என்று சொல்லிக்கொள்ளலாம், அவர் இல்லை. அதே இடத்துக்கு நான் டைல்ஸ் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தேன், கைப்பிடி எந்த உயரத்தில் வர வேண்டும் என்று தம்பியோடு போனில் தர்க்கம் செய்துகொண்டிருந்தேன். ‘மனிதர் வசிக்கத் தகுந்ததாக மாற்ற’ என்று எஸ்டிமேட்டில் எழுதியிருந்தது. அதை எழுதச் சொன்னவன் நான். அந்தப் பெண்குழந்தை இப்போது திருப்பூர்ப் பக்கம் இருப்பதாக அம்மா சொன்னாள். விலாசம் தெரியாது. தெரிந்தால் என்ன எழுதுவேன் என்பதும் எனக்குத் தெரியாது.

பங்குனியில் வேலை முடிந்தது. அம்மாவை மாற்றுவதற்கு முந்தின நாள், கொட்டகையில் படுக்க அவளுக்கு இன்னும் மனசில்லையோ என்று சுற்றி வளைத்துக் கேட்டேன். நான் பிறப்பதற்கு முன்னால் அம்மாவுக்கு விஷக் காய்ச்சல் வந்து பிழைத்ததற்காக, பாட்டி மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டிருந்தாள். பங்குனி இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை பிணம் மாதிரி பாடையில் படுத்து, கோயிலைச் சுமந்து சுற்றிவரச் செய்து, எழுந்து வந்தவள் அம்மா.

“பாடையில படுத்து எழுந்து வந்தவளுக்குக் கொட்டாயில படுக்கத் தெரியாதா? தள்ளு நாற்காலிய” என்றாள்.

கட்டிலை வடக்குச் சுவரோரம் போட்டிருந்தோம். உள்ளே வந்ததும் தெற்குப் பக்கம் மாற்றச் சொன்னாள். அங்கே ஜன்னல் இல்லை, காற்று வராது என்றேன்.

“அவ புள்ளையோட படுத்துருந்தது அந்தப் பக்கம்” என்றாள்.

மாற்றிப் போட்டோம். மாடத்தைப் பூசவில்லை. அதில் இப்போது அம்மாவின் மாத்திரை டப்பா இருக்கிறது.