மழையும் ஓதமும், நாலு கார் நிற்கும் இடமும்

மும்பைக்கு வந்து இருபத்து மூன்று வருடம் ஆகிறது. இன்னமும் காலையில் நம் ஊர்ப் பேப்பரை நெட்டில் மேய்ந்த பிறகுதான் இந்த ஊர்ச் செய்தி. ஜூன் பிறந்துவிட்டால் மட்டும் வரிசை மாறிவிடும். முதலில் பார்ப்பது இரண்டு எண்கள்: எத்தனை மில்லிமீட்டர் மழை, எத்தனை மீட்டர் ஓதம். நாலரை மீட்டருக்கு மேல் கடல் ஏறும் நாட்களை மழைக்காலத்துக்கு முன்பே மாநகராட்சி பட்டியல் போட்டுக் கொடுத்துவிடுகிறது. ஊரில் முகூர்த்த நாள் பார்ப்பதுபோல நாங்கள் அதைப் பார்த்துக் காலண்டரில் வட்டம் போட்டு வைப்போம்.

கடல் ஏறினால் செம்பூரில் இருக்கும் எனக்கென்ன என்று புதிதாக வருபவர்கள் கேட்பார்கள். தெருவில் விழும் மழை கால்வாய் வழியாகப் போய்க் கடலிலோ கழிமுகத்திலோ சேர வேண்டும். கடல் ஏறி நிற்கும் நேரத்தில் அது போக முடியாது. கால்வாய் வாயில் கதவு இல்லாத இடங்களில் கடலே உள்ளே வந்துவிடும். வெள்ளைக்காரன் காலத்துக் கால்வாய்கள் மணிக்கு 25 மில்லிமீட்டர் மழைக்குக் கணக்குப் போட்டுக் கட்டியவை. அதுவும் கடல் இறங்கியிருக்கும்போது.

கொஞ்சம் கொசுவத்தி சுற்றிக்கொள்கிறேன். 2005 ஜூலை 26. சாந்தாகுரூஸில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர். சென்னையில் ஒரு வருடம் முழுக்கப் பெய்வதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு, ஒரே நாளில். அதே நாள் தெற்கே கொலாபாவில் 73 மில்லிமீட்டர்தான். அங்கே இருந்தவர்களுக்கு விஷயமே புரியவில்லை. நான் அந்தேரி ஆபீஸில் மாட்டிக்கொண்டு மறுநாள் காலை தண்டவாளம் பிடித்து நடந்தே செம்பூர் வந்தேன். போன் கிடையாது, ரயில் கிடையாது. நகரத்தில் மட்டும் 400 பேருக்கு மேல் செத்துப்போனார்கள்.

வானம் பொத்துக்கொண்டது என்றுதான் எல்லோரும் பேசினோம். மித்தி ஆற்றின் பெயரையே அந்த வாரம்தான் பலர் முதல்முறை கேட்டார்கள். அதுவரை அது வெறும் நாலா. விஹார், பவாய் ஏரிகள் நிரம்பி வழியும் தண்ணீர் ஏறக்குறைய 18 கிலோமீட்டர் ஓடி மாஹிம் கழிமுகத்தில் கலக்கிறது. வழியில் விமான நிலையத்துக்காக அதை மடக்கித் திருப்பி, ஓடுபாதைக்குக் கீழே நுழைத்துவிட்டார்கள். இன்னும் கீழே, சதுப்பும் அலையாத்தியுமாக இருந்த இடத்தை மேடாக்கித்தான் பாந்த்ரா-குர்லா காம்ப்ளக்ஸ் வந்தது. கண்ணாடிக் கட்டடங்களில் நம்மவர்கள் ஆணி பிடுங்குகிறார்களே, அதே இடம். கடைசியில் தாராவி. அங்கே நம் திருநெல்வேலிக்காரர்கள் எத்தனை தலைமுறையாக இருக்கிறார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. மேலே ஆற்றை நெருக்கியதற்கு, கீழே இருப்பவர்கள் வீட்டுக்குள் தண்ணீர் வந்தது.

நம் ஊரை விட்டுக்கொடுக்கிறேன் என்று நினைக்க வேண்டாம். சென்னை விமான நிலையத்தின் இரண்டாவது ஓடுபாதை அடையாறு மேலேதான் பாலம் போட்டு நிற்கிறது. 2015 டிசம்பரில் விமான நிலையம் தண்ணீரில் மூழ்கிச் சில நாள் மூடிக் கிடந்தது நினைவிருக்கும்.

தெரியாமல் நடந்தது என்று சொல்லவும் முடியாது. கால்வாய்களை மணிக்கு 50 மில்லிமீட்டர் மழைக்குப் பெரிதாக்க வேண்டும் என்று 1993லேயே திட்டம் போட்டுக் கொடுத்தாயிற்று. பிரிம்ஸ்டோவாட் என்று பெயர். செலவு அதிகம் என்று அலமாரிக்குப் போய், 2005க்குப் பிறகுதான் தூசு தட்டினார்கள். பிறகு ஹாஜி அலி, லவ் குரோவ் என்று ஆறு இடங்களில் பெரிய பம்பிங் ஸ்டேஷன்கள் வந்தன. எங்கள் பக்கத்துக்கு வேண்டிய மாஹூல் ஸ்டேஷன் உப்பள நிலம், அனுமதி என்று வருடக்கணக்கில் இழுத்தது. மழைக்குப் பேர்போன இந்துமாதாவில், பக்கத்து மைதானங்களுக்கு அடியில் ராட்சதத் தொட்டிகள் கட்டி, கடல் இறங்கும்வரை தண்ணீரைப் பிடித்து வைக்கிறார்கள். நல்ல யோசனை. முன்பு சதுப்பு சும்மா செய்துகொண்டிருந்த வேலைக்கு இப்போது கோடிக்கணக்கில் கொடுக்கிறோம் என்பதுதான் வயிற்றெரிச்சல்.

இதையெல்லாம் இப்போது ஏன் இழுக்கிறேன் என்றால், எங்கள் சொசைட்டியை இடித்துக் கட்டப் போகிறார்கள். 1970களில் கட்டிய நாலு மாடி, லிஃப்ட் கிடையாது. வரப்போவது 22 மாடி. போன ஞாயிறு பில்டரின் ஆள் வந்து படம் போட்டுக் காட்டினார். தரைமட்டம் இப்போதிருப்பதைவிட நாலடி உயரும், இனி ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே வராது என்றதும் ஒரே கைதட்டல். பின்பக்கம் மாமரம் நிற்கும் மண் தரை முழுக்க கான்கிரீட், அதன்மேல் கார் பார்க்கிங்.

நான் மனக்கணக்குப் போட்டேன். எங்கள் மனை 1500 சதுர மீட்டர். 100 மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒன்றரை லட்சம் லிட்டர், பதினைந்து லாரித் தண்ணீர். இப்போது கொஞ்சமாவது மண் குடிக்கிறது, மீதி எங்கள் வாசலிலேயே நின்று மெதுவாக வடிகிறது. நாளைக்கு அத்தனையும் நாலடி உயரத்திலிருந்து எங்கே போகும்? பின்சுவருக்கு அந்தப் பக்கம் நாலா. நாலாக்கரையில் தகரக் கூரை போட்ட நாற்பது வீடுகள். எங்கள் வீட்டில் வேலை செய்யும் மௌசியின் வீடும் அதில் ஒன்று. இப்போதே பெரிய மழைக்கு அங்கே முட்டியளவு நிற்கிறது.

எழுந்து கேட்டேன். பத்து மீட்டர் நீளம், ஐந்து அகலம், மூன்று ஆழத்தில் ஒரு தொட்டி கட்டினால் இந்த ஒன்றரை லட்சம் லிட்டரும் அடங்கும். கடல் இறங்கிய பிறகு திறந்துவிடலாம். மாமரத்து மண்ணை அப்படியே விடலாம் என்றேன். பில்டரின் ஆள் சிரித்துக்கொண்டே, "சார், அது நாலு கார் பார்க்கிங்" என்றார். அவ்வளவுதான், கூட்டம் முழுக்க என்னைப் பார்த்தது. யாருடைய நாலு கார்? செகரட்டரி, "விதிப்படி என்ன வேண்டுமோ எல்லாம் இருக்கிறது" என்று முடித்துவிட்டார்.

அவர் சொன்னதில் பொய் இல்லை. ஒவ்வொரு மனையும் தனித்தனிப் படமாகத்தான் அனுமதிக்குப் போகிறது. எங்கள் தெருவில் மட்டும் ஐந்து கட்டடங்கள் இப்படி எழும்புகின்றன. ஐந்தும் நாலடி உயர்ந்தால் நாலாக்கரையின் கதி என்ன என்று ஆறாவதாக ஒரு படம் போட யாருமில்லை. நகரத் திட்டமிடல் என்று பெரிய வார்த்தையில் சொல்வது எனக்குப் புரிந்தவரை அந்த ஆறாவது படத்தைத்தான். உன் மனையில் விழும் மழையில் இவ்வளவை நீயே சில மணி நேரம் பிடித்து வை, இல்லாவிட்டால் தரையை உயர்த்தாதே என்று ஒரு விதி இருந்தால், நான் கூட்டத்தில் எழுந்து நிற்க வேண்டியிருந்திருக்காது.

தங்கமணிக்கு என்மேல் கொஞ்சம் கோபம். "இருபது வருஷமா மூஞ்சி கொடுத்துப் பேசறவங்க, பகைச்சுக்காதீங்க" என்றாள். ராத்திரி சாப்பிடும்போது அவளே, "அந்தத் தொட்டிக்கு எவ்வளவு செலவாகும்னு ஒரு எஸ்டிமேட் வாங்கிடுங்க. எண்ணைக் காட்டாம சொன்னா யாரும் கேக்க மாட்டாங்க" என்றாள். வாங்கச் சொல்லியிருக்கிறேன். ஓட்டெடுப்பு அடுத்த மாதம். எண்பது வீட்டில் இதுவரை என் பக்கம் ஆறு பேர்.

படிக்கிறவர்களில் சிவில் இன்ஜினியர்கள் இருந்தால், இப்படித் தொட்டி கட்டிய அபார்ட்மென்ட் எங்காவது தெரிந்திருந்தால், சென்னையோ கொச்சியோ எதுவானாலும் சரி, சொல்லுங்கள். மீதி எழுபத்து நாலு பேருக்குக் காட்ட ஒரு உதாரணம் வேண்டும்.