கச்சையும் வாவியும்

வானில் மிதந்து செல்லும் ஒருவனை நிலத்திலிருந்து நோக்குவோர் அவனுடைய துணிச்சிறகைக் கண்டே வியக்கின்றனர். சிறகுக்கும் உடலுக்கும் இடையே உள்ள பட்டிகளை எவரும் கவனிப்பதில்லை. அவனது உயிர் தங்கியிருப்பதோ அப்பட்டிகளிலேதான். 2021 டிசெம்பரில் பருத்தித்துறைப் பகுதியில் பெரும் பட்டமொன்றை ஏற்றிய குழுவில் ஒருவர் கயிற்றோடு மேலே இழுத்துச் செல்லப்பட்டார். அக்காட்சியை உலகெங்கும் பலர் கண்டனர். பட்டத்திற்கு அவரைத் தூக்கும் வலிமை இருந்தது. அவரைத் தாங்குவதற்கு அவருடைய இரு கைகளையன்றி வேறெதுவும் இருக்கவில்லை. அவர் உயிர் தப்பியமை நற்பேறே.

தூக்கும் பொருள் ஒன்று, தாங்கும் பொருள் மற்றொன்று. பராகிளைடர் எனப்படும் மென்சிறகிற் பறப்போரைத் தாங்குவது ஹார்னஸ் என்னும் சாதனமாகும். தோள், மார்பு, தொடை ஆகியவற்றைப் பிணிக்கும் பட்டிகளும் ஓர் இருக்கையும் கொண்ட இதனைக் கச்சை என்று வழங்கலாம்.

1978 என்றதும் மட்டக்களப்பார் நினைப்பது நவம்பர் 23ஆந் திகதி வீசிய சூறாவளியையே. அதே ஆண்டின் கோடையிற் பிரான்சு நாட்டு மியூசி என்னும் மலைக்கிராமத்தில் பரசூட் வீரர் சிலர், விமானத்திலிருந்து குதிப்பதை விடுத்து, மலைச்சரிவில் ஓடியே காற்றில் எழுந்தனர். இன்றைய பராகிளைடர்க் கலை அங்கிருந்து வளர்ந்தது. பரசூட்டின் கச்சை சில நிமிடம் தொங்குவதற்குப் போதுமானது. பறப்பு மணிக்கணக்காக நீண்டபோது தொடையை அறுக்கும் பட்டி பொறுக்க முடியாததாயிற்று, இருக்கை தேவைப்பட்டது.

ஆதலால் வசதி என்பதை ஆடம்பரமாகக் கருதுதல் தவறாகும். தொடைப்பட்டி இரத்தவோட்டத்தைத் தடுத்தாற் கால்கள் மரத்துப் போகும். மரத்த கால்களோடு தரையிறங்குபவன் ஓட இயலாது விழுவான். கடையில் நின்றவாறு பூண்டு பார்ப்பதால் இதனை அறிய முடியாது. உத்தரத்தில் கச்சையைக் கட்டி, அரைமணி நேரமாவது அதில் தொங்கிப் பார்த்தல் வேண்டும். எனினும் வசதியே எல்லாம் அன்று. சாய்வு நாற்காலியிற்போல மல்லாந்து, கால்களை நீட்டி அமரும் கச்சை நெடும்பறப்புக்கு இனியது. ஆனால் சிறகின் ஒரு பக்கம் மடிந்து சுழலும் வேளையில், நீண்டு கிடக்கும் உடல் அதனோடு சேர்ந்து திரும்பாமையால் பட்டிகள் முறுக்கிக்கொள்ளும் அபாயம் அதிகம். நிமிர்ந்து அமர்பவனுக்கு அவ்வபாயம் குறைவு.

ஆளுகை பெரிதும் மார்புப்பட்டியைப் பொறுத்தது. சிறகின் கயிறுகள் வந்து சேரும் இரு கொளுவிகளுக்கும் இடைப்பட்ட தூரத்தை அதுவே தீர்மானிக்கின்றது. அத்தூரம் கூடினால் இடுப்பைச் சற்றுச் சாய்த்தாலே சிறகு திரும்பும். காற்றின் ஒவ்வோர் அசைவும் உடலுக்குத் தெரியும். ஆனால் சிறகின் ஒரு பாதி மடிந்தால் உடலும் அப்பக்கம் சரியும். குறைந்தால் அமைதி தோன்றும். அவ்வமைதி ஓரளவு ஏமாற்றானது, முறுக்கு விழும் வாய்ப்பு அங்கே கூடுகின்றது. புதியவர் பட்டியை இறுக்குவதிலே பாதுகாப்பைக் காண்கின்றனர். உற்பத்தியாளர் குறித்த நடு அளவே அவர்களுக்கு உகந்தது.

பாதுகாப்பு என்றவுடன் பலரும் முதுகுப்புறத்து நுரைமெத்தையையே சுட்டுவர். பாறையில் மோதும்போது முள்ளந்தண்டைக் காப்பது அது. சில கச்சைகளில் மெத்தைக்குப் பதிலாகக் காற்றுப்பை உண்டு. மலைநாட்டில் இவற்றின் பெருமையை மறுப்பார் இலர். மட்டக்களப்பு வாவியருகே இக்கணக்கு மாறுகின்றது.

ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் இவ்வாவியின் எழுவான்கரையும் படுவான்கரையும் தட்டையானவை. ஓடி எழத்தக்க குன்று கரையில் இல்லை; குடும்பிமலை உள்நாட்டில் தொலைவில் உள்ளது. இங்கே பறக்க விரும்பும் ஒருவர் முதுகில் இயந்திரம் பூண்டோ, கயிற்றால் இழுக்கப்பட்டோதான் எழ வேண்டும். இறங்குமிடம் தவறினால் அவர் விழுவது பாறையிலன்று, நீரில். கச்சான் வீசும் காலத்தில் அக்காற்று அவரை வாவிக்கும் அப்பால், கடலை நோக்கியே தள்ளும்.

நீரில் நுரைமெத்தை மிதக்கும். மனிதன் அதன் கீழ்ப்படுவான். முதுகு மேலெழ, முகம் நீருள் அமிழும். பாறையில் உயிர்காத்த அதே பொருள் இங்கே மூச்சைப் பறிக்கின்றது. சிறகின் கயிறுகளோ கால்களைச் சுற்றிக்கொள்ளும். ஆளளவு நீர்தானே என்பது ஆறுதலாகாது. தலையை நிமிர்த்த இயலாதவனுக்கு முழங்காலளவு நீரும் போதும். இயந்திரமும் முதுகிலிருந்தால் துன்பம் பன்மடங்காகும். ஆகவே உயிர்காப்பு அங்கியும், கயிறறுக்கும் கொக்கிக்கத்தியும், ஒரு கையாற் கழற்றத்தக்க கொளுவிகளும் இங்கே முதுகுமெத்தையிலும் முதன்மை பெறுகின்றன.

ஒரே கொளுவியிடம் இரண்டு குணங்களை எதிர்பார்க்கிறோம்: வானில் அது எக்காரணத்தாலும் திறத்தலாகாது, நீரில் ஒரு நொடியில் திறத்தல் வேண்டும். முன்கூட்டியே கழற்றிவிடலாமே எனின், அசைவற்ற வாவியின் மேல் உயரத்தைக் கண்ணால் அளப்பது கடினம். இரண்டு மீற்றர் என எண்ணிக் கழற்றியவன் இருபது மீற்றரிலிருந்து விழக்கூடும். தொடைப்பட்டியைப் பூட்ட மறந்து எழுந்து, அக்குளில் தொங்கி உயிரிழந்தோர் பிறநாடுகளில் உளர். மார்புப்பட்டியைப் பூட்டும்போதே தொடைப்பட்டியும் பிணையும் அமைப்பு அதனாலேயே தோன்றியது.

தென்னையேறும் தொழிலாளி தன் தளைநாரைத் தானே சோதித்துக் காலில் மாட்டுகிறார். இருவர் பறக்கும் பராகிளைடரிற் பயணியாக அமர்பவருக்கு அவ்வாய்ப்பில்லை. பிறர் பூட்டிய கொளுவியை நம்பியே அவர் எழுகிறார். 2019 நவம்பரில் இமாசலப் பிரதேசத்தின் குல்லுப் பள்ளத்தாக்கிற் சென்னையைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் அவ்வாறு பறக்கையில் விழுந்து மாண்டார். பட்டி கழன்றதே காரணம் எனச் செய்திகள் கூறின. பயணியும் தன் மார்பிலும் இரு தொடைகளிலுமாக மூன்று பூட்டுகளைத் தன் கையாலேயே இழுத்துப் பார்க்கலாம். அதற்கு எந்தப் பயிற்சியும் வேண்டியதில்லை. ஆயினும், விமானியிடம் அதனைக் கேட்பது மரியாதைக் குறைவென்று கூசுவோர் நம்மிடையே அதிகம்.

கச்சையைச் சோதிப்பதற்கு ஆழமற்ற வாவியோரம் நல்ல இடமாகும். இடுப்பளவு நீரில், இருவர் பக்கத்தில் நிற்க, சிறகின்றிக் கச்சையை மட்டும் பூண்டு முகங்குப்புறச் சாய்ந்து பார்க்கலாம். ஒரு மூச்சு அடங்குவதற்குள் கொளுவிகளைக் கழற்றி வெளிவர முடிகின்றதா, நனைந்த விரலுக்கு அவை இசைகின்றனவா, மெத்தை எப்பக்கம் புரட்டுகின்றது என்பன சில நிமிடங்களிலேயே தெரிந்துவிடும்.