அணைந்திருந்த ரேடியோ

1998இல் ஜூன் மாதத்திலிருந்து எங்கள் கார் ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் கிளம்ப மறுத்தது. சாவியைத் திருப்பினால் பானட்டுக்குள் ஒரு முனகல். இரண்டாம் முறை அதுவும் இல்லை, ஒரு 'டிக்' மட்டும். உறையூரில் எங்கள் தெரு மேற்கே லேசாகச் சரிகிறது என்பதே அப்போதுதான் எனக்குத் தெரியவந்தது. இஸ்திரி போடுகிறவர், எதிர்வீட்டுக் கல்லூரிப் பையன், சமயத்தில் பால்காரர் எல்லோரும் தள்ளுவார்கள். நான் இரண்டாவது கியரில் போட்டு கிளட்ச்சை மிதித்துக்கொண்டிருந்து, வண்டி கொஞ்சம் ஓடத் தொடங்கியதும் சட்டென்று விடுவேன். உதறிக்கொண்டு உயிர் வரும். பின்னால் சிரிப்பு கேட்கும். முதல் இரண்டு வாரம் அந்தச் சிரிப்பில் நானும் சேர்ந்துகொண்டேன்.

வண்டி 1989 மாடல் மாருதி 800. 1996இல் பழசாக வாங்கினேன். எனக்கு வேலை தஞ்சாவூரில். தினம் ரயிலில் போய் வந்தேன். வண்டியை வாரத்தில் இரண்டு தடவை எடுத்தால் அதிகம். மற்றபடி அது வாசல் பக்கத்து ஷெட்டில் நின்றுகொண்டிருக்கும். நின்றுகொண்டிருக்கும் என்பதுகூடச் சரியில்லை. மாலையில் ஒரு மணி நேரம் அது அப்பாவின் அறை.

அப்பா தந்தி இலாகாவில் வேலை பார்த்து 1986இல் ஓய்வு பெற்றவர். திருச்சி வானொலி நிலையம் தொடங்கிய 1939இல் அவருக்குப் பதினோரு வயது. தெருக்கோடி வீட்டு ஜன்னலுக்கு வெளியே நின்று அதைக் கேட்டதாகச் சொல்வார். வாழ்நாள் முழுக்க அவருக்கு ரேடியோ என்றால் மத்திய அலையில் திருச்சி. சென்னையில் 1977லேயே பண்பலை வந்துவிட்டது என்று யாராவது சொன்னால், 'இருக்கட்டும்' என்பார். ஆனால் வீட்டுக்குள் மத்திய அலை கேட்க முடியாமல் போய்விட்டது. கூடத்தில் டெலிவிஷன். அது இல்லாத நேரத்திலும் ட்யூப்லைட்டின் சோக், மின்விசிறி ரெகுலேட்டர் எல்லாமாகச் சேர்ந்து டிரான்ஸிஸ்டரில் ஓர் இரைச்சலைக் கொண்டு வந்தன. கச்சேரி கேட்டால் தம்புராவுக்குப் பக்கத்தில் மாவு மெஷின் ஓடுவது போல. காரில் அந்தத் தொல்லை இல்லை. ஏரியல் வெளியே இருக்கிறது, சுற்றிலும் தகரம், வீட்டு மின்சாரத்தோடு சம்பந்தமே கிடையாது. மாநிலச் செய்தி, அதற்குப் பின் வரும் பாட்டு, சனிக்கிழமை இரவுகளில் அகில பாரத சங்கீத நிகழ்ச்சி. இடதுபக்க முன் சீட்டில் உட்கார்ந்து கதவை நன்றாகச் சாத்திக்கொள்வார். கதவு திறந்திருந்தால் உள்ளே விளக்கு எரியும், பாட்டரி வீண் என்று. கண்ணாடியை மட்டும் இறக்கி வைத்துக்கொள்வார்.

ரேடியோ வண்டியோடு வந்ததில்லை. கேஸட்டும் ரேடியோவும் சேர்ந்த, பச்சை எழுத்தில் மணி காட்டுகிற ஒரு வெளிநாட்டுப் பெட்டி. அதையும் பழசாகவே வாங்கினேன். பொருத்தியவர், 'சாவியே வேண்டாம் சார், பட்டனை அமுக்கினா பாடும்' என்று ஒரு சலுகையைப் போலச் சொன்னார். எனக்கும் அது சலுகையாகவே பட்டது. அப்பா மாலைதோறும் என்னிடம் சாவி கேட்டு நிற்க வேண்டியதில்லை.

பாட்டரிக் கடைக்காரர் முள் கரண்டி மாதிரி ஒன்றைப் பாட்டரியின் இரு முனைகளிலும் வைத்துப் பார்த்துவிட்டு, 'இது போய்விட்டது' என்றார். 1,800 ரூபாய் கொடுத்துப் புதிது வாங்கினேன். மூன்று வாரம் கழித்து அதுவும் முனகியது. மறுபடி அவரிடம் போனேன். டைனமோவைச் சோதித்தார். சரியாக இருந்தது. (மாருதியில் இருப்பது டைனமோ இல்லை, ஆல்டர்னேட்டர். அவர் டைனமோ என்றார், நானும் அப்படியே சொல்லிக்கொண்டிருந்தேன்.) பிறகு கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: 'வீட்ல யாராவது வண்டியில உக்காந்து ரேடியோ கேக்கறாங்களா?'

இந்தக் கேள்வி எனக்கு எவ்வளவு நிம்மதி தந்தது என்பதை இப்போது மறைப்பதில் பயனில்லை. காரணம் கிடைத்துவிட்டது. அது வீட்டிலேயே இருந்தது, கண்ணுக்குத் தெரிந்தது, காதுக்கும் கேட்டது. அன்றைக்குச் சாயங்காலமே அப்பாவிடம் சொன்னேன். கோபமாகச் சொல்லவில்லை. வரவுசெலவு பேசுகிறவன் குரலில், 1,800 ரூபாய் என்பதை இரண்டு தடவை சேர்த்துச் சொன்னேன்.

அப்பா கொஞ்சம் யோசித்தார். 'நான் கேக்கறது ஒரு மணி நேரம்' என்றார். பிறகு, 'அது வேற எதையோ குடிக்குது. இன்னிக்குக் காலையில போய்த் தொட்டுப் பாத்தேன். வெதுவெதுன்னு இருந்தது' என்றார்.

அவர் முப்பது வருஷத்துக்கு மேல் தந்தி ஆபீஸில் இருந்தவர். பின்அறையில் வரிசையாக வைத்த பாட்டரிகளுக்கு வடிகட்டிய தண்ணீர் ஊற்றியவர், ஹைட்ராமீட்டரில் அமிலத்தின் அடர்த்தி பார்த்தவர். ஒரு பாட்டரி காலியாகும்போது அதன் தகடுகள் இரண்டிலும் ஈய சல்பேட் படிகிறது என்பதையும், உடனே சார்ஜ் செய்தால் அது கரைந்துவிடும், நாள்கணக்கில் விட்டால் இறுகிப் படிகமாகிவிடும், அப்புறம் பாட்டரி பழைய பாட்டரி ஆகாது என்பதையும் நான் பள்ளிக்கூடத்தில் படிக்கவில்லை, அவரிடம்தான் கேட்டிருக்கிறேன். அப்படிப்பட்டவர் ஒரு பழுதைத் தன் விரலால் கண்டுபிடித்து வந்து என்னிடம் சொல்கிறார். எனக்குக் கேட்டது வேறு. இரவு முழுக்க அணைந்து கிடந்த ரேடியோ காலையில் சூடாக இருக்க வழியில்லை. எனவே காலையிலும் கேட்டிருக்கிறார்.

'காலையிலயும் கேக்கறீங்களா?' என்றேன்.

அவர் பதில் சொல்லவில்லை. மறுநாளிலிருந்து ஷெட் பக்கம் போகவில்லை.

விஷயம் இதோடு முடிந்திருந்தால் சாதாரண வீட்டுச் சண்டை. முடியவில்லை. அப்பா போகாமலிருந்த வாரத்திலும் கார் நின்றது. அதற்கடுத்த வாரமும். நியாயமாக இங்கே என் புத்தி திரும்பியிருக்க வேண்டும். ஆனால் ஒரு முடிவை அடைந்துவிட்ட மனம் சாட்சியங்களைத் தனக்குத் தோதாக அடுக்கிக்கொள்வதில் மகா கெட்டிக்காரத்தனம் காட்டுகிறது. நான் தஞ்சாவூரில் இருக்கும் பகல் நேரத்தில் கேட்கிறார் என்று வைத்துக்கொண்டேன். கதவைப் பூட்டிச் சாவியை ஆபீஸுக்கு எடுத்துப் போனேன். அப்படியும் ஞாயிற்றுக்கிழமை இஸ்திரிக்காரரைக் கூப்பிட வேண்டியிருந்தது. அன்று சாப்பிடும்போது, மனைவியும் குழந்தைகளும் இருக்கையில், 'அந்த இன்னொரு சாவி எங்கே இருக்கு?' என்று பொதுவாகக் கேட்டேன்.

பொதுவாகக் கேட்டது என்பது பாவனை. எல்லோருக்கும் தெரியும். அப்பா எழுந்தார். கை கழுவினார். பூஜை அலமாரியில், நான் வண்டி வாங்கிய அன்று அம்மா வைத்த இடத்திலேயே, குங்குமம் படிந்து கிடந்த சாவியை எடுத்து வந்து என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். வளையத்தில் கட்டியிருந்த மஞ்சள் நூல்கூட அவிழ்ந்திருக்கவில்லை.

அதன் பின் இரண்டு மாதம் கொல்லைப்புறத்தில் கிணற்றடிக்குப் பக்கத்தில் டிரான்ஸிஸ்டரை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இரைச்சல் கூடம் வரை கேட்கும்.

அக்டோபரில் பாலக்கரையில் ஒரு ஆட்டோ எலெக்ட்ரீஷியனிடம் போனேன். ஹாரன் ரிப்பேருக்காகத்தான் போனேன். பேச்சுவாக்கில் பாட்டரி விஷயத்தைச் சொன்னதும், எதுவும் கேட்காமல் நெகடிவ் முனையைக் கழற்றினார். கழற்றிய ஒயருக்கும் பாட்டரிக்கும் நடுவே ஒரு மீட்டரை இணைத்தார். சாவியை எடுத்துத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். கதவுகளைச் சாத்தினார். வண்டியில் எதுவும் ஓடவில்லை, எதுவும் எரியவில்லை. மீட்டர் 0.25 ஆம்பியர் காட்டியது. ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிச் செருகிக்கொண்டே வந்தார். ரேடியோவுக்குப் போகும் ஃபியூஸைப் பிடுங்கியதும் எண் விழுந்து பூஜ்யமாயிற்று. எல்லாம் பத்து நிமிஷத்தில் முடிந்தது.

இப்படிப்பட்ட ரேடியோவுக்கு மின்சாரம் கொண்டுவரும் ஒயர்கள் இரண்டு. மஞ்சள் ஒயர் பாட்டரியிலிருந்து நேராக வருவது. மணியையும் ஞாபகத்தில் வைத்த நிலையங்களையும் காப்பாற்ற எப்போதும் துளி மின்சாரம் வேண்டும், சில மில்லி ஆம்பியர். சிவப்பு ஒயர் சாவியின் வழியாக வந்து பெட்டியை எழுப்புவது. எங்கள் வண்டியில் இரண்டையும் முறுக்கி ஒன்றாக டேப் சுற்றியிருந்தது. சாவி இல்லாமலே பாடும் சலுகையின் ரகசியம் அது. அவர் இரண்டையும் பிரித்து, சிவப்பைத் தனியே விட்டுப் பார்த்தார். அப்படியும் எண் அதிகம் குறையவில்லை. பெட்டிக்குள்ளேயே ஏதோ கசிந்துகொண்டிருந்தது. 'தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்குங்க' என்றார். நான் வாங்கவில்லை. டாஷ்போர்டுக்கு அடியில் ஒரு ஸ்விட்ச் வைத்து இரண்டு ஒயரையும் அதன் வழியாகக் கொண்டுபோகச் சொன்னேன்.

வீடு திரும்பும்போது கணக்குப் போட்டேன். கால் ஆம்பியர், இருபத்துநாலு மணி நேரம், ஒரு நாளைக்கு ஆறு ஆம்பியர்-மணி. பாட்டரியின் மொத்தக் கொள்ளளவு 35. மூன்று நாளில் பாதி போய்விடும். நான் வண்டி ஓட்டும் கொஞ்ச நேரத்தில் அது திரும்ப நிரம்ப வழியில்லை. அப்பா கேட்டது ஒரு மணி நேரம். மெதுவாக வைத்துக் கேட்பவர். ஒரு ஆம்பியர் என்று தாராளமாகவே வைத்துக்கொண்டாலும் ஒன்று. அவர் கேட்டது ஒன்று, யாரும் கேட்காதது ஆறு. ஒரு டார்ச் பல்பு இழுக்கும் அளவு கரண்டு, இரவும் பகலும், சத்தமில்லாமல், தகரப் பெட்டிக்குள் வெறும் வெதுவெதுப்பாக மாறிக்கொண்டிருந்தது. சத்தம் போடுவதுதான் செலவழிக்கிறது என்று நான் எடுத்துக்கொண்டேன். நம் விமர்சனக் கட்டுரைகளில் மௌனம் என்ற வார்த்தையைப் பார்த்தால் அன்றிலிருந்து எனக்குக் கொஞ்சம் சந்தேகம் வருகிறது. எந்த மௌனம், எவ்வளவு ஆம்பியர் என்று கேட்கத் தோன்றுகிறது.

அப்பாவிடம் சொன்னேன். மன்னிப்புக் கேட்டேன் என்று எழுத ஆசைதான். நான் செய்தது எண்களைச் சொன்னது. 0.25, ஆறு, முப்பத்தைந்து. ஒயர்களின் நிறத்தைச் சொன்னேன். அவர் ஒரு சக ஊழியரிடம் கேட்பது போலக் கவனமாகக் கேட்டார். தொட்டுப் பார்த்ததைப் பற்றி அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. கடைசியில், 'ஸ்விட்ச்சை அணைச்சா கடியாரம் நின்னுடுமே?' என்றார். நின்றுவிடும், நிலையங்களும் மறந்துபோகும் என்றேன். 'பரவாயில்ல' என்றார்.

இரண்டு சாவிகளையும் பூஜை அலமாரியில் வைத்தேன். ஒரு வாரம் அவர் போகவில்லை. ஒரு சனிக்கிழமை இரவு ஷெட்டில் கார்க் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

நான் முன்கூட்டி யோசிக்காத ஒன்று இருந்தது. ஞாபகம் அற்றுப்போன அந்தப் பெட்டி ஒவ்வொரு தடவையும் மத்திய அலையின் அடிமட்டத்திலிருந்து, 531லிருந்து, தொடங்கும். நம் பக்கத்து நாடுகளில் நிலையங்களுக்கு இடைவெளி 9 கிலோஹெர்ட்ஸ். பட்டனை ஒரு தடவை அமுக்கினால் ஒரு படி. தானாகத் தேடச் சொன்னால் 720இல் சென்னையில் போய் நின்றுகொள்ளும். திருச்சி 936. நாற்பத்தைந்து தடவை அமுக்க வேண்டும். ஒவ்வொரு அமுக்கலுக்கும் 'பிப்' என்று ஒரு சின்னச் சத்தம். திண்ணையில் உட்கார்ந்து நான் பேப்பர் படித்துக்கொண்டிருப்பேன். ஷெட்டிலிருந்து பிப், பிப் என்று சீராக வரும். நாற்பத்தைந்து முடிந்ததும் செய்தி. தந்தி ஆபீஸ் விரல் என்பதால் வேகமாகவே அடிப்பார். எனக்கும் எண்ணிப் பழகிவிட்டது.

2000இல் புதிய ரேடியோ ஒன்று போடலாம் என்று சொன்னேன். ஞாபகம் உள்ளது, ஒரே பட்டனில் திருச்சி வரும் என்றேன். 'எதுக்கு? எண்ணினா வந்துடுது' என்றார்.

மழை பெய்யும் மாலைகளில் மட்டும் சத்தம் திண்ணைக்கு எட்டாது. அப்போது குடையை எடுத்துக்கொண்டு ஷெட் வரை போய்ப் பார்ப்பேன். கண்ணாடியை ஏற்றிவிட்டு உட்கார்ந்திருப்பார். உதடு லேசாக அசையும். முப்பதோ முப்பத்தொன்றோ. கூப்பிட்டால் கணக்குத் தவறிவிடும் என்று நான் அப்படியே திரும்பி வந்துவிடுவேன்.