குமார்துலிக்குக் காமிராவுடன்

சென்ற ஆண்டு துர்கா பூஜைக் காலத்தில் நம் அன்பர்கள் எடுத்த புகைப்படங்களை அண்மையில் மன்றக் கூடத்தில் மேசைமேல் பரப்பிப் பார்த்தோம். நாற்பதுக்குக் குறையாத படங்கள். அவற்றுள் முப்பதேனும் தேவியின் திருமுகமே. வண்ணம் தீட்டிய முகம், அகன்ற கண்கள், மூக்கணி. எவர் எடுத்தது என்பதைப் பின்புறம் திருப்பிப் பெயரைப் படித்தாலன்றி அறிய இயலாது. எல்லோரையும் நின்று நோக்கச் செய்த படமோ வேறொன்று. தலையும் விரல்களும் இல்லாத வைக்கோல் உடலொன்று சுவரில் சாய்ந்து நிற்கிறது. அதன் காலடியில் ஒரு முதியவர் மண்குவளையில் தேநீர் அருந்துகிறார். அதை எடுத்த அம்மையார் தம்மிடம் இருந்தது ஐந்தாண்டுப் பழைய கைபேசியே என்று கூறவும், எந்தக் காமிரா நல்லது என்ற வாதம் மூண்டுவிட்டது. வாதம் காபி ஆறும்வரை நடந்தது. அந்த இடத்தின் இயல்பை அறியாமல் அதற்கு விடை காண முடியாது என்பது என் கருத்து.

குமார்துலி என்பதற்குக் குயவர் குடியிருப்பு என்று பொருள். சோவாபஜார் மெட்ரோ நிலையத்தில் இறங்கி ஹூக்ளி ஆற்றை நோக்கிச் சற்று நடந்தால் பனமாலி சர்க்கார் தெருவை அடையலாம். (2001-ஆம் ஆண்டு நகரின் பெயர் கொல்கத்தா என்று மாறியது, நம் வீடுகளில் அது இன்னும் கல்கத்தாதான்.) இங்குள்ள கலைஞர்களின் முன்னோருள் பலர் கிருஷ்ணநகர்ப் பக்கத்திலிருந்து வந்தவர்கள், 1947-க்குப் பின் கிழக்கு வங்கத்திலிருந்து வந்து சேர்ந்தவர்களும் உளர். ஊர் விட்டு ஊர் வந்து தொழிலால் காலூன்றியவர்கள் என்ற அளவில் அவர்கள் நமக்கு அயலாரல்லர்.

மூங்கிற் சட்டம் கட்டி, வைக்கோலைச் சணற்கயிற்றால் இறுக்கி உடலாக்குவது முதல் வேலை. அதன்மேல் உமி கலந்த பிசுபிசுப்பான ஆற்று மண். அது உலர்ந்து வெடித்தபின், சேற்றில் தோய்த்த துணிக் கீற்றுகளால் வெடிப்பை மூடி நுண்ணிய மண்பூச்சு. பிறகு வெண்சுண்ணம், வண்ணம், தலைமுடி, அணிகள். மகாளயத்தன்று கண் திறப்பது மரபு. இதில் கடைசி நாட்களுக்கு மட்டும் காமிராவுடன் செல்பவர், நாடகத்தின் இறுதிக் காட்சிக்கு மட்டும் சீட்டு வாங்கியவரை ஒப்பார். முடிந்த சிலையைப் பந்தல்தோறும் காணலாம். முடியாத சிலையை இங்கேதான் காணலாம்.

இனி ஒளி. பணி மும்முரமாக நடப்பது மழைக் காலமாதலால், கூடங்களின் முன்னும் சந்துகளின் மேலும் பிளாஸ்டிக் விரிப்புகளைக் கட்டியிருப்பார்கள். நீல விரிப்பின்கீழ் எடுத்தால், வெண்சுண்ணம் பூசிய தேவி நீலமேனியளாகத் தோன்றுவாள். அம்பிகைக்கு நீலம் பொருந்தாத நிறமன்று; ஆயினும் கலைஞர் தீட்டியது அதுவன்று. அவ்விடத்திலேயே ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்து, அதைக் கொண்டு காமிராவின் வெண்மை அளவைத் திருத்திக்கொண்டால் இக்குறை பெரிதும் நீங்கும். வெள்ளை விரிப்போ பெரும் பேறு. அதன் வழியாக இறங்கும் ஒளி, கூரிய நிழலின்றி எங்கும் மெல்லப் பரவும். சத்யஜித் ராயின் ‘அபராஜிதோ’ (1956) படத்திற்குக் காசி வீட்டு முற்றத்தைப் படப்பிடிப்பு நிலையத்தில் அமைத்தபோது, ஒளிப்பதிவாளர் சுப்ரத மித்ரா மேலே வெண்துணியைக் கட்டி, விளக்கொளியை அதில் பாய்ச்சித் திரும்பி வரச் செய்து இத்தகைய ஒளியைத்தான் உண்டாக்கினார். அவர் முயன்று பெற்றது நமக்கு மழையின் தயவால் கிடைக்கிறது.

கூடத்தின் உட்புறம் நண்பகலிலும் இருட்டு. புதுக் காமிராவுடன் வரும் சாதாரண லென்சை நெருக்கிப் பார்க்கும் நிலைக்குத் திருப்பினால், பெரும்பாலும் அதன் திறப்பு 5.6 என்ற அளவோடு நின்றுவிடும். திறப்பு 1.8 உள்ள சிறிய லென்ஸ் அதைப்போல் ஒன்பது, பத்து மடங்கு ஒளியை உள்ளே விடும். முன்னதில் வினாடியில் பதினைந்தில் ஒரு பங்கு நேரம் திறக்க வேண்டிய இடத்தில் பின்னதற்கு நூற்றிருபத்தைந்தில் ஒரு பங்கு போதும். தூரிகை பிடித்த கை கலங்காமல் பதியும். ஆகவே காமிராவை மாற்ற எண்ணுவோர் முதலில் லென்சை மாற்றுக. 35 அல்லது 50 மில்லிமீட்டர் போதும். நீண்ட தூர லென்சுக்கு அச்சந்தில் பின்வாங்க இடமில்லை. முக்காலியைக் கொண்டுசெல்லவே வேண்டாம். களிமண் சுமந்து வருபவர் அதில் இடறி விழுந்தால் என் செய்வது? கைபேசி வைத்திருப்போர் மனம் தளர வேண்டியதில்லை. அதன் அகன்ற பார்வை ஒடுங்கிய கூடத்திற்கு ஏற்றது. அதை நீட்டியவுடன் எவரும் முகத்தைச் செயற்கையாக வைத்துக்கொள்வதுமில்லை. அம்மையாரின் படம் அமைந்ததற்கு அதுவும் ஒரு காரணமாகலாம்.

கலைஞர்களின் பக்கத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும். கல்கத்தா துர்கா பூஜை 2021-இல் யுனெஸ்கோவின் பட்டியலில் இடம்பெற்றது. விழாவின் புகழ் ஓங்க ஓங்கக் குமார்துலியில் காமிராக் கூட்டமும் பெருகியது. அவர்களுக்கோ ஆண்டு வருவாயின் பெரும் பகுதி இந்தச் சில வாரங்களில் அடங்கியது. ஈரச் சிலையருகே நெருங்குவதும், வண்ணம் தீட்டும் கண்ணெதிரே பிளாஷ் வெட்டுவதும், சற்று நகருங்கள் என்று பணிப்பதும் பிறர் பிழைப்பில் கை வைப்பதாகும். சிறு கட்டணம் பெற்றுப் படமெடுக்கச் சீட்டு வழங்கும் வழக்கம் அங்குண்டு. அதற்கு முணுமுணுக்கும் நம்மவர் சிலரைக் கண்டிருக்கிறேன். பல்லாயிரம் ரூபாய்க் காமிராவைத் தோளில் மாட்டிக்கொண்டு இதற்குப் பேரம் பேசுவது அழகன்று. நம் அன்பர் ஒருவர் தாம் எடுத்த படத்தைப் பெரிதாக அச்சிட்டு அடுத்த முறை கொண்டுபோய் உரியவரிடம் கொடுத்தார். கலைஞர் அதை நெடுநேரம் பார்த்திருந்துவிட்டு, இளமை முதல் எத்தனையோ பேர் தம்மைப் படமெடுத்துள்ளனர் என்றும், வீட்டில் தம் உருவம் இருப்பது வாக்காளர் அட்டையில் மட்டுமே என்றும் சொன்னாராம்.

ஒரு சொல் பராமரிப்புப் பற்றி. இந்நகரின் ஈரக் காற்றில் லென்சின் உட்புறம் பூஞ்சை படரும். முற்றவிட்டால் கண்ணாடியின் பூச்சையே அரித்துவிடும். தோற்பைக்குள் மாதக்கணக்கில் பூட்டி வைப்பது அதற்கு விருந்து வைப்பதாகும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிகா ஜெல் பொட்டலங்களுடன் வைத்து, அவை நிறம் மாறியதும் சூடாக்கி உலர்த்திக்கொள்க. எஸ்பிளனேடில் மெட்ரோ சினிமாவை அடுத்த சந்தில் பழைய லென்ஸ் வாங்குவோர், அதை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து நூலிழை போன்ற வலை உள்ளே தெரிகிறதா என்று பார்த்த பின்னரே விலை பேசுக.

இவ்வாண்டு மகாளயத்திற்கு ஒரு மாதம் முன்னதாக, சிலைகள் இன்னும் மண்ணாக இருக்கும்போதே, ஒரு சனிக்கிழமை காலை எட்டு மணிக்குச் சோவாபஜார் நிலைய வாயிலில் கூடுவதாக உள்ளோம். குடையும், சீட்டுக்குச் சில்லறையும், சென்ற ஆண்டுப் படங்களில் உள்ளவர்களுக்குக் கொடுக்க அச்சுப் பிரதிகளும் உடன் இருக்கட்டும்.